குஷிங், ஹூஸ்டன், கார்ப்பஸ் கிறிஸ்டி: அமெரிக்கக் கச்சா எண்ணெய்க்கு இப்போது எது தலைவாசல்?

தொட்டிக்கணக்கு எழுதியது:

செய்தியில் "அமெரிக்கக் கச்சா எண்ணெய் இன்று இத்தனை டாலர்" என்று சொல்கிறார்களே, அது ஒக்லஹோமா மாநிலத்தில் குஷிங் என்ற சின்ன ஊரில் கைமாறும் எண்ணெயின் விலை. மக்கள்தொகை 8,000 சொச்சம். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "உலகக் குழாய்ப்பாதைகளின் நாற்சந்தி" என்று ஊரில் பலகை வைத்திருக்கிறார்கள்.

2015 வரை இதில் பெரிய முரண் இல்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கக் கச்சா எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. கனடாவுக்குப் போனது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. எண்ணெய் உள்ளேயே சுற்றியது, விலையும் உள்ளேயே நிர்ணயமானது. 2015 டிசம்பரில் தடையை எடுத்தார்கள். 2023இல் சராசரியாக நாளைக்கு ஏறத்தாழ 40 லட்சம் பீப்பாய் ஏற்றுமதி. அதில் பெரும்பகுதி டெக்சாஸ் கரையிலிருந்து கப்பல் ஏறுகிறது.

ஆக, விலை ஓரிடம், சரக்கு வேறிடம். இப்போது "மையம்" என்ற பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? குஷிங்குக்கா, டெக்சாஸ் கரைத் துறைமுகங்களான ஹூஸ்டனுக்கா, கார்ப்பஸ் கிறிஸ்டிக்கா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குஷிங் பழைய பெருமையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

சந்தைமேசை எழுதியது:

வந்துவிட்டேன்.

பழைய பெருமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். குஷிங்கில் பயன்படுத்தக்கூடிய சேமிப்பு மட்டும் ஏழரைக் கோடி பீப்பாய்க்கு மேல். கனடாவிலிருந்து வரும் கனமான எண்ணெய், வடக்கு டகோட்டாவின் இலகு எண்ணெய், மேற்கு டெக்சாஸின் பெர்மியன் எண்ணெய், உள்ளூர் ஒக்லஹோமா எண்ணெய் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. அங்கிருந்து வடக்கே சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் போகலாம், தெற்கே கடற்கரைக்கும் போகலாம். நாற்சந்தி என்பது பலகைக்காக எழுதிய பொய் இல்லை.

அப்புறம் ஒப்பந்தம். 1983 மார்ச்சில் நியூயார்க் பரிவர்த்தனை நிலையம் டபிள்யூடிஐ (அமெரிக்காவின் அளவுகோல் எண்ணெய்) ஃப்யூச்சர்ஸை, அதாவது பின்னொரு மாதம் கைமாற இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தை, தொடங்கியபோது டெலிவரி இடமாகக் குஷிங்கை வைத்தது. ஒரு லாட் 1,000 பீப்பாய். நாற்பது வருடமாக உற்பத்தியாளர், ஆலை, வங்கி, விமான நிறுவனம் எல்லாரும் அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் தங்கள் ரிஸ்க்கைக் கட்டுப்படுத்துகிறார்கள். காலாவதி நெருங்கும்வரை எந்த நேரத்திலும் வாங்க ஆளும் உண்டு, விற்க ஆளும் உண்டு. புதிதாக வேறு ஊரில் ஒப்பந்தம் தொடங்கினால் அந்தக் கூட்டம் கூடவே வந்துவிடாது. எல்லாரும் போகும் சந்தைக்குத்தான் எல்லாரும் போவார்கள்.

கார்ப்பஸில் ஏறும் சரக்குக்கு விலை பேசும்போதும் பெரும்பாலும் "டபிள்யூடிஐக்கு மேல் இத்தனை சென்ட்" என்றுதான் பேச்சு. அடித்தளம் குஷிங். மேலே ஒட்டுவது மட்டும்தான் கடற்கரை.

இரண்டாமாண்டு எழுதியது:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும், கல்லூரி மாணவன். 2020இல் எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதாகப் படித்தேன். அதுவும் குஷிங் கதைதானா? எண்ணெயைக் கொடுத்து, அதை வாங்கிக்கொள்ளப் பணமும் தந்தார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தொட்டிக்கணக்கு எழுதியது:

நன்றாகக் கேட்டீர்கள் தம்பி, இது என் கட்சிக்கு வலு சேர்க்கும் கேள்வி :)

2020 ஏப்ரல் 20, திங்கள். மே மாத ஒப்பந்தம் அடுத்த நாள் காலாவதி. காலாவதியாகும்போது கையில் வாங்கல் நிலை வைத்திருந்தால் குஷிங்கில் நிஜ எண்ணெயை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினால் கொட்டி வைக்கத் தொட்டி வேண்டும். ஊரடங்கில் ஆலைகள் ஓட்டத்தைக் குறைத்துவிட்டதால் எண்ணெய் மலைபோல் குவிந்துகொண்டிருந்தது. கணக்குப்படி அப்போது குஷிங்கில் ஏறத்தாழ 6 கோடி பீப்பாய்தான் இருந்தது. அதாவது தொட்டிகள் நிரம்பவில்லை. ஆனால் மிச்ச இடம் முழுக்க யாராவது ஒருவர் முன்கூட்டியே வாடகைக்கு எடுத்து வைத்திருந்தது. காலியாகத் தெரிந்தாலும் உங்களுக்கு இல்லை.

தொட்டி இல்லாதவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தை எப்படியாவது கைகழுவினால் போதும் என்றாகிவிட்டது. முடிவு விலை மைனஸ் 37.63 டாலர். அதே நாளில் உலக அளவுகோலான பிரென்ட் 25 டாலருக்கு மேல் நின்றது. பிரென்ட் கடலில் கைமாறும் எண்ணெய். இடம் இல்லையென்றால் கப்பலில் ஏற்றி நங்கூரம் போட்டு நிறுத்திவைக்கலாம், செலவாகும், ஆனால் வழி உண்டு. குஷிங்கில் அந்த வழி இல்லை.

நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த ஊரை ஒரு நாட்டின் விலைக்கு அளவுகோலாக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சந்தைமேசை எழுதியது:

ஒரு நாள் விபத்தை வைத்து ஊரையே எடைபோடாதீர்கள். ஜூன் ஒப்பந்தம் அன்றைக்கும் நேர்மறையில்தான் இருந்தது. கடைசி நாள் வரை உட்கார்ந்திருந்தவர்கள் அடிபட்டார்கள்.

வால்வு எழுதியது:

நிலம் சூழ்ந்த ஊர் என்பதற்கு 2020ஐவிட நல்ல உதாரணம் 2011, 2012.

நான் பைப்லைன் இயக்கத்தில் வேலை பார்த்தவன், அமெரிக்காவில் இல்லை, ஆனால் இந்த வலையமைப்பைப் பல வருடமாகக் கவனிக்கிறேன். அந்தக் காலத்தில் குஷிங்குக்கு வரும் குழாய்கள் அதிகம், வெளியே போகும் குழாய்கள் குறைவு. காரணம் எளிது. அமெரிக்கா இறக்குமதி செய்யும் நாடு என்ற நினைப்பில் கட்டியவை எல்லாம் கடலிலிருந்து உள்நாட்டுக்கு இழுக்கும்படி கட்டப்பட்டவை. சீவே என்ற குழாய் டெக்சாஸ் கரையிலிருந்து குஷிங்குக்கு எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெயும் கனடா எண்ணெயும் பெருகியபோது குஷிங்கில் தேக்கம். டபிள்யூடிஐ பிரென்ட்டைவிட 20 டாலருக்கும் மேல் மலிவாகக் கிடந்தது. ஒரே மாதிரி எண்ணெய், பூட்டிக் கிடந்தது என்ற ஒரே காரணத்தால் மலிவு.

2012 மே மாதம் சீவேயைத் திசை திருப்பினார்கள். முதலில் நாளைக்கு ஒன்றரை லட்சம் பீப்பாய், 2013 தொடக்கத்தில் 4 லட்சம், 2014 கடைசியில் பக்கத்திலேயே இரண்டாவது குழாய் போட்டு எட்டரை லட்சம். 2014 ஜனவரியில் இன்னொரு பெரிய குழாயும் தெற்கே திறந்தது. இடைவெளி சுருங்கிவிட்டது.

பைப்லைனைத் திசை திருப்புவது வீட்டுக் குழாயைத் திருகுவது போல எளிது என்று வெளியில் நினைப்பார்கள். பம்ப் நிலையங்கள், வால்வுகள், அளவீட்டுக் கருவிகள், அழுத்தக் கணக்கு எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். மேடு பள்ளம் தலைகீழாகிவிடும் அல்லவா, முன்பு இறங்கிய இடத்தில் இப்போது ஏற வேண்டும். எஃகும் நில உரிமையும் அப்படியே இருப்பதுதான் லாபம்.

கடல்வழி எழுதியது:

எல்லாரும் குழாயிலேயே நிற்கிறீர்கள். ஏற்றுமதி மையம் என்றால் கடைசிக் கேள்வி தண்ணீரின் ஆழம். நான் கப்பல் சார்ட்டரிங் (கப்பலை வாடகைக்கு எடுப்பது) பக்கம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நெடுந்தூரப் பயணத்துக்கு, முக்கியமாக ஆசியாவுக்கு, சிக்கனமான கப்பல் விஎல்சிசி. 20 லட்சம் பீப்பாய் பிடிக்கும். முழுதாக நிரப்பினால் ஏறத்தாழ 70 அடி தண்ணீர் கேட்கும். அடுத்தது சூயஸ்மேக்ஸ், 10 லட்சம். அதற்கும் சின்னது அஃப்ராமேக்ஸ். டெக்சாஸ் கரையில் எந்தத் துறைமுகக் கால்வாயிலும் 70 அடி கிடையாது. அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், விஎல்சிசியைக் கடலில் நிறுத்திவிட்டு, சின்னக் கப்பல்களில் எண்ணெயைக் கொண்டுபோய்க் கப்பலுக்குக் கப்பல் மாற்றுகிறார்கள். ரிவர்ஸ் லைட்டரிங். அலை அதிகமானால் நிறுத்த வேண்டும். சின்னக் கப்பலுக்கு வாடகை, மாற்றும் உபகரணத்துக்கு வாடகை, காத்திருக்கும் பெரிய கப்பலுக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம்.

இங்கேதான் கார்ப்பஸ் முந்தியது. தடை நீங்கிய பிறகு முதல் கப்பலான தியோ டி, 2015 டிசம்பர் 31 அன்று கார்ப்பஸ் கிறிஸ்டியிலிருந்துதான் கிளம்பியது. 2017 மே மாதம் ஆன் என்ற விஎல்சிசியை இங்கிள்சைடு முனையத்தில் கட்டிச் சோதித்தார்கள். இங்கிள்சைடு என்பது கார்ப்பஸின் வாசல் பக்கம், திறந்த கடலுக்குக் கிட்டத்தில். நகரத்துக்குள் இருக்கும் உள்துறைமுகத்துக்குப் போகத் தேவையில்லை. பெரிய கப்பல் உள்ளே வந்து, கட்டி, பாதிச் சுமையாவது ஏற்றிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கடலில் ஏற்றிக்கொள்ளும். கால்வாய் முன்பு 47 அடி. அதை 54 அடியாகத் தோண்டும் வேலை கட்டம் கட்டமாக நடந்து 2025இல் முடிந்தது. 54 அடியிலும் விஎல்சிசி முழுதாக நிரம்பாது. ஆனால் ஒவ்வோர் அடியும் கரையிலேயே ஏறும் சரக்கு, கடலில் மாற்ற வேண்டாத சரக்கு.

ஹூஸ்டன் கால்வாய் கதை வேறு. 52 மைல் நீளம். ஆழம் 45 அடி சொச்சம். கலங்கரையைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதே பாதையில் கன்டெய்னர் கப்பல், ரசாயனக் கப்பல், எல்பிஜி கப்பல், இழுவைப் படகு கட்டிய பார்ஜ் எல்லாம் வரும். பல காலமாக 530 அடி அகலம்தான். எதிரெதிரே வரும் இரண்டு பெரிய கப்பல்கள் நேருக்கு நேர் மோதப் போவதுபோல் நடுவிலேயே வந்து, கடைசி நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் விலகி, ஒன்றையொன்று தள்ளும் தண்ணீரின் பலத்தில் கடந்துபோகும். கால்வாயில் கப்பலை வழிநடத்தும் பைலட்டுகள் இதற்கு "டெக்சாஸ் சிக்கன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல்முறை பார்த்த கேப்டன்கள் வெளிறிப்போன கதைகள் நிறைய. 700 அடியாக அகலப்படுத்தும் பணியில் 2022இல் தோண்டத் தொடங்கினார்கள்.

பனிமூட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்காலத்தில் கால்வாயை நாள் கணக்கில் மூடுவார்கள். ஒருமுறை நாங்கள் எடுத்திருந்த அஃப்ராமேக்ஸ் கப்பல் ஐந்து நாள் வெளியே நின்றது. வானிலைத் தாமதத்தை யார் ஏற்பது என்ற ஷரத்தில் ஒரு வார்த்தை சரியில்லாமல் போய், டெமரேஜ் எங்கள் தலையில். அந்த ஒப்பந்தத்தை வரைந்தவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

இரண்டாமாண்டு எழுதியது:

கார்ப்பஸுக்குத் திடீரென்று அவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வந்தது அண்ணா? கால்வாயைத் தோண்டினால் மட்டும் எண்ணெய் வந்துவிடாதே.

வால்வு எழுதியது:

பெர்மியனிலிருந்து. 2018இல் அங்கே உற்பத்தி ஏறியது, குழாய் போதவில்லை. அந்த வருடம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பெர்மியன் வயலின் சந்தை ஊரான மிட்லாண்டில் விலை குஷிங்கைவிட 15 டாலருக்கும் மேல் குறைவு. லாரியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனாலும் லாபம் வரும் அளவு. அப்படி ஓர் இடைவெளி தெரிந்தால் குழாய் போட வரிசையில் நிற்பார்கள். 2019, 2020இல் மூன்று குழாய்கள் நேராகக் கார்ப்பஸுக்கு வந்தன: காக்டஸ் 2, எபிக், கிரே ஓக். மூன்றும் சேர்ந்தால் நாளைக்கு 20 லட்சம் பீப்பாய்க்கு மேல்.

அதில் ஒரு நுணுக்கம். இவை குஷிங் வழியாக வரவில்லை. வயலிலிருந்து நேரே கடல். நடுவில் கலப்படம் குறைவு.

இந்தக் "கலப்படம்" விஷயம் பலருக்குப் புரிவதில்லை. குஷிங்கில் டபிள்யூடிஐ என்று டெலிவரி செய்வது ஒரு வரையறைக்குள் வரும் எந்த இனிப்பு (கந்தகம் குறைந்த) எண்ணெயும்: ஏபிஐ (எண் கூடினால் இலகு) 37 முதல் 42, கந்தகம் 0.42 சதவீதம் வரை. அந்த வரையறைக்குள் பொருந்தும்படி கனமானதையும் இலகுவானதையும் கலந்து தயாரிக்கலாம், தயாரிக்கிறார்கள். ஏற்றுமதியில் கேட்கும் மிட்லாண்ட் தரம் வேறு: ஏபிஐ 40 முதல் 44, கந்தகம் 0.2 சதவீதத்துக்குள். ஐரோப்பாவிலோ கொரியாவிலோ இருக்கும் ஆலை தான் வாங்கும் எண்ணெயைக் காய்ச்சினால் நாப்தா எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வாங்குகிறது. கலந்த எண்ணெயில் சராசரி சரியாக இருக்கும், டீசல் போன்ற நடுப்பகுதி காணாமல் போயிருக்கும். வாங்கியவன் திட்டுவான்.

கார்ப்பஸின் சொத்து ஆழம் மட்டும் இல்லை, இந்தச் சுத்தமும் சேர்த்துத்தான்.

பழையவரைபடம் எழுதியது:

இதையெல்லாம் வாசித்தால் கார்ப்பஸுக்குக் கிரீடத்தைச் சூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் போலிருக்கிறது. ஹூஸ்டனுக்காகப் பேச ஆளே இல்லையா? சரி, நான் பேசுகிறேன்.

கார்ப்பஸுக்கு எண்ணெய் வந்தால் போக்கிடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கப்பல். அங்கேயும் சுத்திகரிப்பு ஆலைகள் உண்டு, ஆனால் வரும் வெள்ளத்தோடு ஒப்பிட்டால் சின்னப் பங்கு. ஹூஸ்டனுக்கு வந்த எண்ணெய்க்குப் பத்து வாசல். பேடவுன், டெக்சாஸ் சிட்டி, பாசடீனா என்று சுற்றிலும் ஆலைகள். கிழக்கே போர்ட் ஆர்தர், போமான்ட் பக்கம் இன்னொரு ஆலைக் கூட்டம், நெடர்லாண்ட் முனையம். தெற்கே ஃப்ரீபோர்ட். ஏற்றுமதி இன்று லாபமில்லை என்றால் பக்கத்து ஆலைக்குத் தள்ளு, அங்கே பராமரிப்பு என்றால் தொட்டியில் வை, மூன்றும் சரிப்படாவிட்டால் கிழக்கே அனுப்பு. குஷிங்கிலிருந்து இறங்கும் சீவேயும் அங்கேதான் முடிகிறது, மிட்லாண்டிலிருந்து நேரே வரும் குழாய்களும் அங்கேதான் முடிகின்றன. நாளைக்கு 15 லட்சம் பீப்பாய் கொள்ளும் விங்க் டு வெப்ஸ்டர் வந்தது அந்தப் பக்கம்தான்.

"மையம்" என்ற சொல்லுக்கே அர்த்தம் அதுதானே? பல வழி வந்து, பல வழி போக வேண்டும். ஒரு முனையில் குழாய், மறு முனையில் கப்பல் என்றால் அதற்குப் பெயர் வாய்க்கால்.

கடல்வழி எழுதியது:

வாய்க்கால் என்று நக்கலடித்தாலும், அமெரிக்காவின் கச்சா எண்ணெய் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த வாய்க்கால் வழியாகத்தான் போகிறது ஐயா. 2021இல் இங்கிள்சைடு முனையத்தை ஒரு கனடிய நிறுவனம் 300 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வாய்க்காலுக்கு அந்த விலை யாரும் தரமாட்டார்கள்.

சந்தைமேசை எழுதியது:

வரைபடம் ஐயா சொன்னதில் சந்தை ஆட்களும் உடன்படுகிறார்கள், அரை மனதோடு. 2018 கடைசியில் இரண்டு பெரிய பரிவர்த்தனை நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஹூஸ்டன் டெலிவரி ஃப்யூச்சர்ஸைத் தொடங்கின. 2022 ஜனவரியில் அவற்றில் ஒன்றான ஐசிஇ இன்னொன்று கொண்டுவந்தது, மிட்லாண்ட் தரம், கிழக்கு ஹூஸ்டனில் இருக்கும் முனையங்களில் டெலிவரி. அந்தக் கடைசி ஒப்பந்தத்தில் இப்போது நல்ல வியாபாரம் நடக்கிறது. கவனியுங்கள், அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் கார்ப்பஸ் இல்லை, ஹூஸ்டன். ஃப்யூச்சர்ஸுக்குத் தேவை, டெலிவரி எடுத்தவன் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது. 2020 பாடம் அது.

ஆனாலும் குஷிங் ஒப்பந்தத்தின் வியாபார அளவுக்குப் பக்கத்தில்கூட இவை வரவில்லை.

இரண்டாமாண்டு எழுதியது:

லூயிசியானா பக்கம் கடலுக்குள்ளேயே ஒரு துறைமுகம் இருக்கிறதாமே? அதில் விஎல்சிசியை முழுதாக நிரப்பலாம் என்று படித்தேன். அப்படியென்றால் எல்லாரும் அங்கே போகலாமே.

கடல்வழி எழுதியது:

லூப். கரையிலிருந்து ஏறத்தாழ 18 மைல் தள்ளி, 110 அடி ஆழத்தில் மிதவைகள். கப்பல் மிதவையில் கட்டிக்கொள்ளும், கடலுக்கடியில் குழாய், கரையில் க்ளோவெல்லி என்ற இடத்தில் உப்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த குகைகளில் சேமிப்பு. 1981இல் முதல் கப்பல். அமெரிக்காவில் விஎல்சிசியை லைட்டரிங் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பக்கூடிய ஒரே இடம்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அது இறக்குமதிக்காகக் கட்டியது, அரபு எண்ணெயை இறக்குவதற்கு. 2018 பிப்ரவரியில்தான் முதல் ஏற்றுமதி விஎல்சிசி. பெர்மியன் எண்ணெய்க்கு அது வழியில் இல்லை. ஹூஸ்டன் வரை வந்து, அங்கிருந்து கிழக்கே போகும் குழாய்க்கு இன்னொரு கட்டணம் கொடுத்து, அங்கே போய்ச் சேர வேண்டும். லைட்டரிங்கில் மிச்சம் பிடித்தது குழாய்க் கட்டணத்தில் போய்விடும். மெக்சிகோ வளைகுடாவின் ஆழ்கடல் வயல்களிலிருந்து வரும் மார்ஸ் போன்ற கந்தகம் கூடிய நடுத்தர எண்ணெய்க்கு லூப் இயல்பான வாசல். இலகு எண்ணெய்க்கு இல்லை.

வால்வு எழுதியது:

அதே யோசனையை டெக்சாஸ் கடலில் செய்யத்தான் நாலைந்து நிறுவனங்கள் வரிசை கட்டின. ஃப்ரீபோர்ட்டுக்கு வெளியே 30 மைல் தள்ளித் திட்டமிட்ட ஸ்பாட் முனையத்துக்கு 2019இல் விண்ணப்பித்தார்கள். உரிமம் கையில் வந்தது 2024 ஏப்ரலில். ஐந்து வருடம். அதற்குள் என்ன ஆனது? கார்ப்பஸ் கால்வாய் ஆழமாகிவிட்டது. பெர்மியன் வளர்ச்சி முன்புபோல் பாய்ச்சலில் இல்லை. நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள். கையெழுத்து இல்லாமல் எவனும் கடலில் நூற்றுக்கணக்கான கோடி டாலரைக் கொட்டமாட்டான்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பொறியியல் ரீதியாக அதுதான் அழகான தீர்வு. ஆனால் "போதுமானது" ஏற்கெனவே இருக்கும் இடத்தில் "சிறந்தது" விலைபோவதில்லை.

பழையவரைபடம் எழுதியது:

புயலை யாரும் தொடவில்லையே. 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி கரை ஏறியது ராக்போர்ட் அருகே, கார்ப்பஸுக்குப் பக்கத்தில். அப்புறம் அது நகர்ந்துபோய் ஹூஸ்டனை மூழ்கடித்தது. ஒரே புயலில் இரண்டு போட்டியாளர்களும் மூடல். 2021 ஆகஸ்டில் ஐடா புயல் லூப்பின் செயல்பாட்டை நிறுத்தியது. கரையில் எத்தனை மையம் வைத்தாலும் அதே கடல்தான்.

குஷிங்குக்குப் புயல் இல்லை என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அங்கே டொர்னாடோ என்ற சூறாவளிச் சுழல் உண்டு, நிலநடுக்கமும் உண்டு. 2016 நவம்பரில் ரிக்டர் 5 அளவில் ஒன்று, ஊரின் பழைய கட்டடங்கள் விரிசல் விட்டன. தொட்டிகளுக்கு ஆபத்தில்லாமல் தப்பியது. அந்தப் பகுதி நடுக்கங்களுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது எண்ணெயோடு மேலே வரும் கழிவு நீரைத் திரும்ப ஆழத்தில் செலுத்துவது. எண்ணெய் ஊரை எண்ணெய்த் தொழிலே ஆட்டிப் பார்த்திருக்கிறது.

சந்தைமேசை எழுதியது:

ஹார்வி நேரத்தில் குஷிங்கில் ஒரு துளி மழை இல்லாமலேயே டபிள்யூடிஐ அடிபட்டது. வாங்க வேண்டிய ஆலைகள் கரையில் மூடிக் கிடந்தன, எண்ணெய் தெற்கே போக முடியாமல் நின்றது, பிரென்ட்டோடு இடைவெளி விரிந்தது. ஒத்துக்கொள்கிறேன், இது என் கட்சிக்கு எதிரான சாட்சி.

தொட்டிக்கணக்கு எழுதியது:

எழுதி வைத்துக்கொண்டேன் :)

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. பிரென்ட் என்பது வட கடல் எண்ணெய் என்று பள்ளிக்கூடத்திலிருந்து படித்து வருகிறோம். வட கடல் உற்பத்தி தேய்ந்துகொண்டே போனதால், 2023 ஜூன் டெலிவரி முதல் டபிள்யூடிஐ மிட்லாண்டையும் அந்த விலைக் கூடையில் சேர்த்துவிட்டார்கள். ஃபோர்டீஸ், ஓஸ்பெர்க், எகோஃபிஸ்க், ட்ரோல் என்ற வட கடல் எண்ணெய்களின் வரிசையில் ஒரு டெக்சாஸ்காரர். கூடையில் எது மலிவோ அதுதான் விலையைத் தீர்மானிக்கும், பல நாட்களில் அது மிட்லாண்டாகவே இருக்கிறது. கார்ப்பஸிலும் ஹூஸ்டனிலும் ஏறும் எண்ணெய் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் உலக அளவுகோலையே தொடுகிறது. குஷிங் எண்ணெய் அந்தத் தரத்தில் தேறாது. இனி எது உள்ளூர் விலை, எது உலக விலை?

கடல்வழி எழுதியது:

சற்று வெளியே போய்விட்டு வருகிறேன். அமெரிக்காவில் மூன்று ஊர்களுக்குள் பிரிந்து கிடக்கும் வேலையை ஐக்கிய அரபு அமீரகத்துத் துறைமுகமான ஃபுஜைரா ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. 2012இல் திறந்த, அபுதாபி எண்ணெயைக் கொண்டுவரும் ஹப்ஷான் குழாய் ஹோர்முஸ் நீரிணையைச் சுற்றிக்கொண்டு நாளைக்கு 15 லட்சம் பீப்பாய் கொண்டுவரும். கரைக்கு வெளியே ஆழம், மிதவையில் விஎல்சிசி கட்டலாம். 2021 மார்ச்சில் அங்கே டெலிவரியாகும் முர்பன் என்ற அபுதாபி எண்ணெயின் ஃப்யூச்சர்ஸும் வந்துவிட்டது. குழாய், கடல், விலை மூன்றும் ஒரே ஊர்.

சந்தைமேசை எழுதியது:

அங்கே விற்பவர் அடிப்படையில் ஒருவர்தானே. குஷிங்கிலும் ஹூஸ்டனிலும் நூற்றுக்கணக்கான விற்பனையாளர்கள். ஒரே கடைக்காரர் இருக்கும் சந்தையில் விலை கேட்கலாம், பேரம் பேச முடியாது. அதுவும் போக, நீரிணைக்கு வெளியே இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. 2019 மே மாதம் ஃபுஜைராவுக்கு வெளியே நின்ற கப்பல்கள் தாக்கப்பட்டன. தனி இழையில் பேசுவோம், இது கிளை விட்டுப் போகும்.

இரண்டாமாண்டு எழுதியது:

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். குஷிங் விலை சொல்கிறது, கார்ப்பஸ் ஏற்றுகிறது, ஹூஸ்டன் இரண்டுக்கும் நடுவில். அப்படியென்றால் இவை போட்டி போடுகின்றனவா, இல்லை ஒன்றுக்கொன்று வேலை பிரித்துக்கொள்கின்றனவா?

வால்வு எழுதியது:

ஹூஸ்டனும் கார்ப்பஸும் நிஜமான போட்டி. இரண்டுக்கும் ஒரே வயல், பெர்மியன். மிட்லாண்டில் நிற்கும் ஒரு பீப்பாய் எந்தக் கரைக்குப் போகிறது என்பது குழாய்க் கட்டணம், கரையில் கிடைக்கும் விலை, முன்பே எடுத்துவைத்த குழாய் இடம் இவற்றால் தீர்மானமாகிறது. குழாயில் இடம் எடுத்தவர் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் சில நாள் விலை நட்டம்போல் தெரிந்தாலும் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

குஷிங்குக்கும் கரைக்கும் இருப்பது போட்டியில்லை, இழுபறி. குஷிங்குக்கும் ஹூஸ்டனுக்கும் உள்ள விலை இடைவெளி சீவே கட்டணத்தைத் தாண்டினால் எண்ணெய் தெற்கே இறங்கும். சுருங்கினால் குஷிங்கில் தங்கும்.

தொட்டிக்கணக்கு எழுதியது:

அந்த இழுபறிக்கு நான் பார்த்ததில் சிறந்த உதாரணம் 2023 செப்டம்பர். கரையில் ஏற்றுமதிப் பசி, ஆலைகளும் வேகமாக ஓடின. உடனடியாகக் கைமாறும் எண்ணெயின் விலை பின்வரும் மாதங்களின் விலையைவிடக் கூட இருந்ததால் தொட்டியில் வைத்திருப்பவனுக்கு நட்டம். வாரா வாரம் குஷிங் இருப்பு இறங்கி, மாதக் கடைசியில் 2 கோடியே 20 லட்சம் பீப்பாய் அருகே வந்து நின்றது. 2020இல் இடமில்லை என்று அலறிய அதே ஊரில் மூன்றரை வருடம் கழித்து எண்ணெய் இல்லை என்ற பயம்.

2 கோடி என்பது கிட்டத்தட்ட தரை. அதற்குக் கீழே பம்பால் எடுப்பது கஷ்டம்.

இரண்டாமாண்டு எழுதியது:

தரை என்றால்? தொட்டியில் 2 கோடி பீப்பாய் மிச்சம் இருக்கிறதே.

வால்வு எழுதியது:

மிதக்கும் கூரை கால் ஊன்றிக்கொள்ளும் உயரம் என்று ஒன்று உண்டு தம்பி. பெரிய தொட்டிகளுக்குக் கூரை எண்ணெயின் மேலேயே மிதக்கும், ஆவி சேராமல் இருக்க. அளவு குறைந்து கூரையின் கால்கள் அடித்தளத்தில் ஊன்றிவிட்டால் உள்ளே காற்று புகுந்து வெடிக்கும் கலவை சேரலாம். பாதுகாப்பு விதி அனுமதிக்காது. அதுபோக அடியில் தண்ணீரும் கசடும் கிடக்கும், அதை இழுத்தால் பம்பும் கெடும், குழாயில் போகிற எண்ணெயும் தரம் கெடும். ஒவ்வொரு தொட்டியிலும் இப்படிச் சில அடி. நூற்றுக்கணக்கான தொட்டி. கூட்டிப் பாருங்கள்.

தொட்டிக்கணக்கு எழுதியது:

அதனால்தான் குஷிங் செத்துவிட்டது என்று இழை தொடங்கிய நானே புதன்கிழமை அரசு இருப்பு அறிக்கை வந்ததும் முதலில் குஷிங் வரியைத்தான் தேடுகிறேன். சந்தைமேசை, சிரிக்காதீர்கள்.

சந்தைமேசை எழுதியது:

சிரிக்கவில்லை. நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது அதே அறிக்கையின் ஏற்றுமதி வரியை.